சொத்தா...? பண்பா...?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, கவிதைதான் கேட்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். எனக்குக் கவிதை வராது. போன பருவத்தில் கேட் லேபில் எனக்கும் என் நண்பனுக்கும் ஆளுக்குப் பத்து மதிப்பெண் போன கதையை எழுதுகிறேன். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. அந்தப் பத்து மதிப்பெண்ணை வாங்கியது ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. நாளை அதே வார்த்தை உங்கள் முன்னாலும் வந்து நிற்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

ட்ராயிங் சப்மிஷன் நாள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். வரைந்து வைத்திருக்கும் ட்ராயிங்குகளை லேப் சர்வரில் அவரவர் ரோல் நம்பர் போட்ட ஃபோல்டருக்குள் காப்பி செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்கள் டீமில் மூன்று பேர். மூவரும் மூன்று ஊர். ஒரே ட்ராயிங்கை மூவரும் பார்க்க வேண்டும் என்பதற்காக டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைத்து வேலை செய்தோம். ஒருவர் மாற்றினால் மற்ற இருவருக்கும் தானாகவே போய்விடும். பஸ் செலவு மிச்சம்!

லேப்டாப்பில் கேபிளை மாட்டினேன். சர்வர் ஃபோல்டரைத் திறந்தேன். ஃபைல்களைப் பிடித்து இழுத்துப் போட்டேன். உடனே ஒரு கட்டம் வந்தது. 'ஆர் யூ ஷ்யூர் யூ வான்ட் டு காப்பி திஸ் ஃபைல் விதவுட் இட்ஸ் ப்ராப்பர்ட்டீஸ்?' என்று கேட்டது.

பத்தாம் வகுப்பு வரை நான் தமிழ் வழி. ப்ராப்பர்ட்டி என்றால் எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் சொத்து! 'சொத்து இல்லாமல் இந்த ஃபைலைக் காப்பி செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்பதாக நான் புரிந்துகொண்டேன். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த அசெம்பிளி ட்ராயிங்கின் சொத்து என்ன? கோடும் அளவும்தானே! அது இல்லாமல் போனால் வெறும் ஓடுதானே போகும்? 'எல்லா ஃபைலுக்கும் இப்படியே செய்' என்ற கட்டத்தில் டிக் அடித்து, 'ஸ்கிப்' என்பதை அழுத்தினேன். கட்டம் மறைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். என் நேரமும் முடிந்தது.

சார் திறந்து பார்த்தபோது என் ஃபோல்டரில் ஒரு ஃபைல்கூட இல்லை.

"கம்ப்யூட்டர் என்னவோ கேட்டுச்சு சார்" என்றேன்.

"வைரஸா இருக்கும். இனிமே இந்த லேப்டாப்பை இங்க மாட்டாதே" என்றார்.

பக்கத்து மேசையில் என் நண்பனுக்கு வேறு கூத்து. அவன் தன் அக்காவின் லேப்டாப்பைக் கொண்டு வந்திருந்தான். ட்ராயிங்குகள் ஒன்ட்ரைவில் இருந்தன. காப்பி போட்டால் பாதியில் நின்று, கிளவுடைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பிழை காட்டியது. நம் லேபில் இன்டர்நெட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

"டேய், ஃபைல் இருக்குடா. பேரு தெரியுது, சைஸ் தெரியுது, தேதிகூடத் தெரியுது. ஆனா வர மாட்டேங்குதுடா" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று இரவு வீட்டில் அப்பா கேட்டார். "கம்ப்யூட்டர் ஒண்ணு கேட்டுச்சுப்பா. புரியல. வேணாம்னு அழுத்திட்டேன்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புரியாம காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டவன் நான்தான்னு நெனச்சேன். நீயுமாப்பா?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் கடை நோட்டீஸ் முதல் சங்கத்துக் கடன் பத்திரம் வரை எதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வது என் வேலை. அந்த நான் ஒரு வரியைப் படித்தும் படிக்காதவனாக நின்றேன். மதிப்பெண் போனதைவிட அதுதான் உறுத்தியது. அடுத்த இரண்டு வாரம் இதையே தேடிப் படித்தேன்.

சொத்து அல்ல, பண்பு!

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். 'உலோகங்களின் பண்புகள்' என்று ஒரு பகுதி வரும். அந்தப் பண்புதான் ஆங்கிலத்தில் ப்ராப்பர்ட்டி! கம்ப்யூட்டர் கேட்டது சொத்தைப் பற்றி அல்ல. ஃபைலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சில குறிப்புகளைப் பற்றி.

நம் ஒர்க்‌ஷாப்பை வைத்தே சொல்கிறேன். ஃபிட்டிங்கில் ஜாப்பை முடித்ததும் அதன் ஓரத்தில் ரோல் நம்பரை பஞ்ச் அடிக்கிறோம். அந்த எண்ணால் ஜாப்பின் அளவு மாறுகிறதா? இல்லை. வெர்னியர் வைத்து அளந்தால் அதே அளவுதான். ஆனால் இந்த ஜாப் யாருடையது என்று அந்த எண்தான் சொல்லும். ஃபைலின் மறைவான குறிப்பும் அதுபோன்ற ஒரு பஞ்ச் அடையாளம்தான்.

விண்டோஸ் தன் வட்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். 1993-ல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது. அதில் ஒரு ஃபைலுக்கு ஒரு உடம்பு மட்டுமல்ல. பக்கத்தில் வேறு சிறு ஓடைகளையும் சேர்த்து வைக்கலாம். மாற்றுத் தரவு ஓடை என்று சொல்லலாம். அந்தக் காலத்து மெக்கின்டாஷ் ஃபைல்கள் இரண்டு பகுதிகளாக இருந்ததால், அவற்றையும் தாங்க வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். இந்த ஓடைகள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரர் காட்டும் சைஸிலும் சேராது.

டிராப்பாக்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் இந்த மறைவான இடத்தில்தான் தங்கள் அடையாளத்தை எழுதி வைக்கின்றன. கறுப்புத் திரையில் 'டிஐஆர்' என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு 'ஆர்' சேர்த்துப் பாருங்கள். என் ஒவ்வொரு ட்ராயிங்கின் பெயருக்குக் கீழேயும் 'காம்.டிராப்பாக்ஸ்.ஆட்ரிபியூட்ஸ்' என்று ஒரு வால் தொங்கியது. ஒரு வால் சில நூறு பைட்டுக்குள்தான். ஃபைலை டிராப்பாக்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து அதே வட்டில் வேறு இடத்தில் வைத்தாலும் வால் கூடவே வருகிறது!

இந்த அடையாளம் அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா? 2018 நவம்பரில், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ட் 4 என்ற ஒரு முறையில் அமைந்த வட்டில்தான் டிராப்பாக்ஸ் ஓட்ட முடியும் என்று கட்டுப்படுத்தினார்கள். ஃபைலில் குறிப்பு எழுதும் வசதி தங்களுக்குத் தேவை என்பதே சொன்ன காரணம். எதிர்ப்புக்குப் பிறகு 2019-ல் வேறு சில முறைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, சர்வர் ஏன் மறுத்தது? நெட்வொர்க்கில் ஒரு ஷேரைத் திறக்கும்போதே, தன்னால் எதையெல்லாம் தாங்க முடியும் என்று சர்வர் சொல்லிவிடும். நம் லேப் சர்வர் லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருள் வைத்து ஓடுவது. ஓடைகளைத் தாங்கும் வசதி அதில் போடப்படவில்லை. பழைய ஃபேட் 32 பென் டிரைவும் தாங்காது. அங்கேதான் விண்டோஸ் நம்மிடம் கேட்கிறது: 'உடம்பு போகும், வால் போகாது, பரவாயில்லையா?' என்று. பரவாயில்லை என்று நான் சொல்லியிருந்தால் முழு ட்ராயிங்கும் போயிருக்கும்!

சொன்னால் நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரு ட்ராயிங்கை ஃபேட் 32 பென் டிரைவில் காப்பி செய்தேன். அதே கேள்வி வந்தது. இந்த முறை 'யெஸ்' கொடுத்தேன். பிறகு கறுப்புத் திரையில் 'எஃப்சி', சாய்கோடு 'பி' என்ற கட்டளையால் இரண்டு ஃபைல்களையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தது. ஒரு கோடு குறையவில்லை. ஒரு அளவு மாறவில்லை. வைரஸும் இல்லை!

குரைக்காத நாய்

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். என்னிடம் குரைத்தது அந்த நாய். என் நண்பனைக் கடித்ததோ குரைக்காத நாய்.

2017 அக்டோபரில் விண்டோஸ் 10-ன் ஒரு புதிய பதிப்போடு ஒன்ட்ரைவில் ஒரு வசதி வந்தது. வட்டில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக, ஃபைலின் பெயர், சைஸ், தேதி ஆகியவை மட்டும் நம் கம்ப்யூட்டரில் இருக்கும். உடம்பு தொலைதூர சர்வரில் இருக்கும். நாம் திறக்கும்போதோ காப்பி செய்யும்போதோதான் இன்டர்நெட் வழியாக இறங்கி வரும். இதுவும் ஃபைலோடு சேர்ந்த ஒரு மறைவான குறிப்புதான். 'உள்ளே ஆள் இல்லை, கேட்டால் வரவழை' என்று சொல்லும் குறிப்பு.

வீட்டில் இன்டர்நெட் இருக்கும்வரை வித்தியாசமே தெரியாது. எந்தக் கேள்வியும் கேட்காது. சைஸ் 40 எம்பி என்று காட்டும். ஆனால் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற வரியைப் பார்த்தால் அங்கே பூஜ்யம் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேகப் படமும் இருக்கும். வகுப்பில் வருகைப் பதிவில் பெயர் இருக்கிறது, பெஞ்சில் ஆள் இல்லை! அந்த மாதிரிதான். இன்டர்நெட் இல்லாத லேபில், பதினைந்து நிமிட அவகாசத்தில், அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு மருந்து ஒரே ஒரு கிளிக். முதல் நாள் இரவே ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைக் கொடுத்து, எல்லாம் இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். மேகம் மறைந்து பச்சை வட்டம் வரும். பிறகு இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால் தைரியமாகத் தூங்கலாம்.

எதற்கும் 'யெஸ்' என்பதும் தப்பு

"சரிப்பா, இனிமே அந்தக் கட்டம் வந்தா யெஸ் அழுத்திட வேண்டியதுதானே!" என்று ஒரு நண்பர் சொன்னார். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். பயந்து 'வேண்டாம்' என்பதும், படிக்காமல் 'சரி' என்பதும் ஒன்றுதான். இரண்டும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான்.

ஏனென்றால் எல்லா வாலும் ஒரே வால் அல்ல. இன்டர்நெட்டிலிருந்து ஒரு ஃபைலை இறக்கினால், 'இது வெளியிலிருந்து வந்தது' என்று விண்டோஸ் அதன் மேல் ஒரு குறி வைக்கிறது. 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் இந்தப் பழக்கம். அதன் பெயர் 'ஸோன்.ஐடென்டிஃபையர்'. உள்ளே பார்த்தால் 'ஸோன்ஐடி 3' என்று இருக்கும். இந்தக் குறியைப் பார்த்துத்தான் எக்ஸல், வேர்ட் போன்றவை எச்சரிக்கையோடு திறக்கின்றன. இன்டர்நெட்டிலிருந்து வந்த ஃபைலுக்குள் இருக்கும் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தடுக்கத் தொடங்கியதும் இந்தக் குறியை நம்பித்தான்.

ஓடைகளைத் தாங்காத ஷேர் வழியாக அந்த ஃபைல் போனால் இந்தக் குறியும் கழன்று விழும். நம்மிடமிருந்து வாங்கிக்கொள்பவருக்கு அது சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரித் தெரியும். தெரியாத இடத்திலிருந்து வந்ததை எச்சரிக்கைச் சீட்டைக் கிழித்துவிட்டு நண்பனுக்குக் கொடுத்த பாவம் நமக்கு! ஆகவே 'யெஸ்' என்பதற்கு முன்னால், கழன்று போவது எந்தக் குறி என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லா கம்ப்யூட்டரும் இப்படிக் கேட்பதும் இல்லை. லினக்ஸில் சாதாரண 'சிபி' கட்டளை கொடுத்தால் இந்தக் கூடுதல் குறிப்புகளைக் கேட்காமலேயே விட்டுவிட்டுக் காப்பி செய்யும். மேக் கம்ப்யூட்டரோ, தாங்காத இடத்தில் வைக்க நேர்ந்தால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட இன்னொரு சின்ன ஃபைலை உருவாக்கி அதில் எழுதி வைக்கும். பென் டிரைவில் நாம் வைக்காத ஃபைல்கள் முளைத்திருப்பதைப் பார்த்து "வைரஸ்!" என்று கத்துகிறோமே, அவற்றில் சில இவைதான்.

என் கருத்து

முதலாவதாக, சாஃப்ட்வேர் செய்கிறவர்களுக்கு. குறி வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் மாற்றினாலும் இடம் மாற்றினாலும் ஃபைலை அடையாளம் காண ஏதோ ஒன்று வேண்டும்தான். பஞ்ச் அடிக்காத ஜாப்பை யார் திருத்துவார்? ஆனால் என் பொருளின் மேல் குறி வைப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? கேள்வி கேட்கும்போதும், 'இந்த சாஃப்ட்வேர் வைத்த இந்தக் குறி மட்டும் போகாது. உங்கள் ஃபைல் முழுதாகப் போகும்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று ஒற்றை வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கினால், தமிழ் வழியில் படித்தவன் மட்டுமல்ல, ஆங்கில வழியில் படித்தவனும்தான் திகைப்பான்.

இரண்டாவதாக, நம் கல்லூரிக்கு. சப்மிஷன் நோட்டீஸில் இரண்டு வரி சேர்த்தால் போதும். 'லேபில் இன்டர்நெட் இல்லை, ஃபைல்களை முன்னதாக முழுமையாக இறக்கி வையுங்கள்' என்று ஒரு வரி. 'இந்தக் கேள்வி வந்தால் அழுத்துவதற்கு முன் கேளுங்கள்' என்று இன்னொரு வரி. சாம்பாவில் ஓடைகளைத் தாங்குவதற்கான ஒரு மாட்யூல் இருக்கிறது. சர்வர் வட்டு இடம் கொடுத்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். காலி ஃபோல்டர் வைத்த மாணவனுக்கு மறுநாள் ஒரு வாய்ப்பும் தர வேண்டும். அவன் வரையாதவன் அல்ல. காப்பி செய்யத் தெரியாதவன். இரண்டுக்கும் ஒரே தண்டனையா? பேரவை இதைக் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, நமக்கு. "இதெல்லாம் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்காரன் பாத்துக்குவான், மெக்கானிக்கலுக்கு எதுக்கு?" என்று கேட்கிறோம். நாளை ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேருவோம். அங்கே தனியாக ஒரு கம்ப்யூட்டர்காரர் இருக்க மாட்டார். முதலாளி ஒரு பழைய சர்வரைக் காட்டி, "தம்பி, இத்தனை வருஷத்து ட்ராயிங்கையும் இதிலிருந்து அதுக்கு மாத்து" என்பார். பாதியில் அந்தக் கட்டம் வரும். "யெஸ் அழுத்தினா ஏதாச்சும் போயிடுமாப்பா?" என்று நம் முகத்தைப் பார்ப்பார். அப்போது என்ன சொல்லப் போகிறோம்? டிப்ளமோ சர்டிஃபிகேட் பதில் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பின்குறிப்பாக ஒன்று. இந்தப் பருவம் சாரிடம் போய், டிஐஆர் கட்டளையையும் பென் டிரைவ் சோதனையையும் செய்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "எனக்கும் இது புதுசுதான். லேப்டாப்பை மாட்டிக்கோ" என்றார். பத்து மதிப்பெண் வரவில்லை. அது வராது. நண்பனுக்கும் வரவில்லை. அவன் இப்போது சப்மிஷனுக்கு முதல் நாள் இரவு எல்லோருக்கும் போன் போட்டு, "பச்சை வட்டம் வந்துடுச்சாடா?" என்று கேட்கிறான்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "அது சொத்து இல்லப்பா, பண்பு" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அடுத்த நாள் சங்கத்திலிருந்து வந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டி, "இதையும் படிச்சு அர்த்தம் சொல்லு. அப்புறம்தான் கையெழுத்து" என்றார்.

நண்பர்களே! நாமும் இனிமேல் அப்படியே செய்வோம். முதலில் படிப்போம், பிறகு அழுத்துவோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை